தேசியப் போட்டிக்கென்று வைத்த தோட்டாக்கள்

ஹில்டா கல்யாணமாகி சேலையூர் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒன்றைத் தெரிந்துகொண்டாள். படுக்கையறை இரும்பு பீரோவின் அடித்தட்டு அவளுக்கில்லை. அதற்குத் தனியாக ஒரு சின்னக் கதவும் பூட்டும் போட்டு, உள்ளே எபி தன் ரைபிள் தோட்டாக்களை வைத்திருந்தார். புதுப்பெண்ணான அவள் பட்டுப்புடவைகளைச் சூட்கேஸிலேயே வைத்துக்கொண்டாள்.

எபி என்கிற எபனேசர் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். படிக்கும் காலத்தில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவர், அதன் பிறகு விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வண்டலூரைத் தாண்டியிருந்த ரைபிள் கிளப்புக்குப் போய்விடுவார். தரையில் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டருக்கு அப்பால் சட்டைப் பொத்தான் அளவு இருக்கும் வட்டத்தைச் சுட வேண்டும். அதுதான் அவருடைய விளையாட்டு. வாழ்நாளில் ஒரு காக்கையைக்கூட அவர் குறிவைத்ததில்லை. காகிதத்தை மட்டும்தான் சுட்டார்.

ஒன்பது வருஷங்களுக்கு முன் ஒரு தடவை, கிளப் மூலமாக நல்ல தோட்டாக்கள் வாங்கினார். ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் செய்த தோட்டாக்களுக்கு ஒரே லாட் நம்பர் இருக்கும். ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஏதோ ஒரு லாட்தான் ஒத்துப்போகும், அது அமைவது அதிர்ஷ்டம் என்பார். அவருக்கு அமைந்துவிட்டது. ஐம்பது ஐம்பதாக முப்பத்திரண்டு அட்டைப்பெட்டிகள். அந்த லாட் இனி எங்கேயும் கிடைக்காது என்று தெரிந்ததும், தேசியப் போட்டிக்கு மட்டும் என்று அடித்தட்டில் அடுக்கிப் பூட்டினார். பழகுவதற்கும் மாநிலப் போட்டிக்கும் சாதாரணத் தோட்டாதான். மாநிலப் போட்டியில் தேறினால்தானே தேசியப் போட்டி? ஒரு வருஷம் நான்கு புள்ளி குறைந்தது. இன்னொரு வருஷம் இரண்டு. வீட்டுக்கு வந்து, “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று சொல்லிக் கை கழுவிச் சாப்பிட உட்காருவார். ஹில்டா அதிகம் கேட்க மாட்டாள்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஜூனில், கேம்ப் ரோட்டில் இடதுபக்கமாக வந்த ஷேர் ஆட்டோ மீது எபி ஸ்கூட்டரை மோதினார். பெரிய அடியில்லை. ஆனால் அவ்வளவு பெரிய வண்டி எப்படித் தெரியாமல் போனது என்று ஹில்டாவுக்குச் சந்தேகம். கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டிருக்கிறது என்றார் டாக்டர். இடது கண்ணில் பார்வையே இல்லை. வலது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். போனது திரும்பாது. சொட்டு மருந்தெல்லாம் மிச்சத்தைக் காப்பாற்றத்தான், அதுவும் நிச்சயமில்லை. இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் கதையே வேறு என்று டாக்டர் சொன்னதை ஹில்டா வீட்டுக்கு வந்தும் மறக்கவில்லை. இரண்டு வருஷம் முன்னால் யாருக்குத் தெரியும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அடுத்த ஒரு வருஷத்தில் நடுப்பார்வையிலும் புகை படிந்தது. எபி தானாகவே துப்பாக்கி லைசென்ஸை ஒப்படைத்தார். ரைபிளும் கிளப்புக்குப் போயிற்று. மிச்சமிருக்கும் தோட்டாக்களையும் அங்கேயே சேர்த்துவிட அனுமதிக் கடிதம் வந்தது. பூட்டிய பெட்டியில் கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

“நல்ல பெட்டியா வேணும் ஹில்டா. நீதான் பார்த்து வாங்கணும்” என்றார்.

பழைய தகரப் பெட்டி போதாதா என்று அவள் கேட்டதற்குப் பொறுமையாக விளக்கினார். தோட்டாவின் முனை மெழுகு பூசிய ஈயம், நகம் பட்டாலே தடம் விழும். குலுங்கக்கூடாது. ஈரம் உள்ளே போகக்கூடாது. அட்டையில்தான் லாட் நம்பர் இருப்பதால் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கக்கூடாது. ஒரே பெரிய பெட்டியாக இருந்தால் கனத்தில் கைப்பிடி விட்டுப்போகும், இரண்டாக இருப்பது நல்லது.

சேலையூர் பஸ் ஸ்டாப்புக்கு அருகே ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சௌகத் அலியிடம் போனாள். அவருடைய பிள்ளைகள் அவளிடம் படித்தவர்கள். ஈரம் படக்கூடாத சாமான் வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் ராணுவ ஏலத்தில் எடுத்த பச்சை இரும்புப் பெட்டி ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். எபி அதைத் திறந்து, விளிம்பை விரலால் சுற்றிலும் தடவினார். பிறகு ஒரு நீளத் துண்டாகச் செய்தித்தாளைக் கிழித்து, மூடிக்கு இடையில் வைத்து மூடி, வெளியிலிருந்து இழுத்தார். காகிதம் சுலபமாக வந்துவிட்டது. ரப்பர் காய்ந்துவிட்டது, இது வேண்டாம் என்றார்.

ஹில்டா தன் சமையலறை டப்பாக்களைக் கொண்டுவந்தாள். நான்கு பக்கமும் கொக்கி மாட்டுகிறவை. காகிதம் நகரவில்லை. ஆனால் பூட்டு மாட்ட வழியில்லை. மறுபடி கடைக்குப் போனாள். இந்தத் தடவை சௌகத் அலி மேல்தட்டில் ஏறி, கேமராக்காரர்கள் வாங்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி இரண்டை இறக்கினார்.

“இன்னா டீச்சர், சாரு பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறாரா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு, “புடிக்கலைன்னா எத்தினி வாட்டி வேணாலும் எடுத்தாங்க. காசு அப்பால பாத்துக்கலாம்” என்றார்.

அந்தப் பெட்டிகள் எபிக்குப் பிடித்திருந்தன. மூடியைச் சுற்றி மெத்தென்ற ரப்பர், பூட்டுப்போட இரண்டு துளை, உள்ளே வெட்டிக்கொள்ளத் தோதாக ஸ்பாஞ்சு. மாத்திரை டப்பாக்களிலும் செருப்புப் பெட்டிகளிலும் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஹில்டா தேடி எடுத்தாள். சனிக்கிழமை மத்தியானம் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் ஒவ்வொரு அட்டையாக எடுத்து லாட் நம்பரைப் படிக்க, அவர் வாங்கி ஸ்பாஞ்சில் வெட்டிய குழியில் அழுத்தி வைத்தார்.

இருபத்தேழாவது அட்டை ஏற்கெனவே திறந்திருந்தது. பத்து தோட்டா குறைந்தது. மூடியின் உட்பக்கம் பென்சிலில் எபியின் கையெழுத்து. ஹில்டா நம்பரைப் படித்த அதே குரலில் அதையும் படித்தாள்.

“ஒன்பது, செப்டம்பர், இரண்டாயிரத்து இருபத்திரண்டு. பத்துக்குப் பத்து. இடது கண் சுத்தமாத் தெரியலை. வலது ஓரம் இருட்டு. நடு தெளிவு.”

எபி நீட்டிய கை அப்படியே நின்றது.

“அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பே” என்றார். “அவர் சுடறதை நிறுத்தச் சொல்லியிருப்பார். டிசம்பர்ல மாநில செலக்‌ஷன் இருந்துச்சு. சுடறப்போ இடது கண்ணை எப்படியும் மறைச்சுத்தான் வைப்போம். அது போனது எனக்குப் பெருசாப் படலை. வலது கண்ணுல பக்கத்துல எதுவுமே தெரியாம, அந்த வட்டம் மட்டும் நின்னுச்சு ஹில்டா. அவ்வளவு தெளிவா நான் எதையும் பார்த்ததே இல்லை. ஒரு வருஷம் கிடைச்சா போதும்னு நினைச்சேன்” என்றார்.

அந்த டிசம்பரில் அவருக்கு ஒரு புள்ளி குறைந்தது. அதற்கடுத்த டிசம்பரில் பதினொன்று. அது ஹில்டாவுக்கு நினைவிருந்தது. ஏன் அவ்வளவு குறைந்தது என்று அப்போது அவள் கேட்கவில்லை. வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் யார் கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் பெற்றோருக்குச் சீட்டெழுதி அனுப்புகிறவள், தன் வீட்டில் தம்ளரைத் தட்டிவிட்டவரைக் கவனக்குறைவு என்று திட்டியிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் அவள் இருக்கும் திசைக்குச் சற்றுத் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு, கையை இன்னும் நீட்டியபடியே இருந்தார். அட்டையை மூடி அந்தக் கையில் வைத்தாள். மிச்சம் ஐந்தையும் படித்தாள்.

திங்கட்கிழமை வெயில் ஏறுவதற்கு முன் கால்டாக்ஸியில் கிளம்பினார்கள். டிக்கி சூடாகும் என்று எபி இரண்டு பெட்டிகளையும் காலடியிலேயே வைத்துக்கொண்டார். வேகத்தடை வரும்போதெல்லாம் குனிந்து கைவைத்துப் பிடித்தார்.

கிளப்பின் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்பவர் சவுரிமுத்து. எபியை இருபது வருஷமாகத் தெரிந்தவர். கடிதத்தைப் படித்து, அட்டைகளை எண்ணி, ரெஜிஸ்டரில் ஏற்றினார். பெட்டிகளைப் பார்த்து, இவ்வளவு அழகாகக் கட்டி யாரும் கொண்டுவந்ததில்லை என்று சொன்னார். பிறகு தேதியைக் கவனித்தார்.

“ஒன்பது வருஷ சரக்கு சார். போட்டிக்குக் கொடுக்க முடியாது. மெட்ராஸ் காத்துல மெழுகு என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாதில்ல. புதுசா சேர்ற பசங்க பழகறதுக்கு வெச்சுக்கறேன்.” சற்றுத் தயங்கி, “அப்பவே இதைச் சுட்டிருந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பழகுவதற்கான தோட்டாக்கள் அந்த அறையில் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவில் இருந்தன. எல்லா லாட்டும் கலந்து கிடந்தது. சவுரிமுத்து எபியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாரோ, அல்லது வேலை நிறைய இருந்ததோ, முதல் அட்டையைப் பிரித்து அதில் கொட்டினார். உலோகத்தில் உலோகம் விழுந்தது. எபிக்கு ஒருமுறை தூக்கிவாரிப் போட்டது. ஹில்டா அவர் முழங்கையைப் பிடித்தாள். வேறொரு டப்பா இருக்கிறதா என்று அவள் கேட்கப் போனதை அவர் கையசைத்துத் தடுத்துவிட்டார். முப்பத்திரண்டு முறையும் அந்தச் சத்தம் முடியும்வரை நின்றார். பிறகு சவுரிமுத்துவின் கையைத் தேடிப் பிடித்து நன்றி சொன்னார்.

திரும்பி வரும்போது பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி வெகுநேரம் நின்றது. அங்கேதான் ஹில்டா அழ ஆரம்பித்தாள். டாக்டர் சொன்ன நாளில் அழாதவள், கடிதம் வந்தபோது அழாதவள், டிரைவர் கண்ணாடியில் பார்ப்பதையும் மறந்து அழுதாள். எபி அவள் கையைத் தடவிக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டு, “விடு ஹில்டா. பழைய தோட்டாதானே” என்றார்.

தான் அழுவது தோட்டாவுக்கில்லை என்று அவள் சொல்லவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வலது கண்ணும் அடங்கிவிட்டது. கல்லூரியில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். காலையில் ஹில்டா பள்ளிக்குக் கிளம்பும் முன் செம்பாக்கம் ஏரிக்கரையில் அவரை அரைமணி நேரம் நடத்திக் கூட்டி வருகிறாள். எதிரே யார் வருகிறார்கள், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவர் கேட்பார், அவள் சொல்வாள். இரண்டாயிரத்து இருபத்திரண்டு செப்டம்பரைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை. சில நாள் நடந்துகொண்டிருக்கும்போதே அவளுக்கு அந்தப் பென்சில் எழுத்து கண்முன் வரும். அப்போது பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். எபி காத்திருப்பார்.