ஒன்பது விரல், பிறகு இரண்டு

அண்ணா புட்போல் விளையாடப் போகிறேன் என்று பள்ளிப் படிவத்தை நீட்டியபோது அம்மா மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். அப்பாவும் ஊரில் புட்போல் விளையாடியவர்தானே. அமெரிக்காவைப் போலவே இந்த நாட்டிலும் புட்போல் என்றால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளோடு ஆள் மோதுவது என்று அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பயிற்சி முடிந்து வந்ததும் அவனுடைய முழங்காலையும் கணுக்காலையும் தடவிப் பார்ப்பார். கால் நோகுதோ என்பார். இல்லையம்மா என்பான். அது பொய்யும் இல்லை.

உண்மை தெரிந்த கூட்டுக்களவாணிகள் இரண்டு பேர். ஒன்று, ஒன்பது வயதான நான். மற்றது, அம்மாவின் தம்பியான மாமா. எழுபதுகளில் அமெரிக்காவில் படித்துவிட்டு எல்லை தாண்டி இங்கே வந்து பிக்கரிங்கில் வீடு வாங்கியிருந்தார். சனிக்கிழமைகளில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனபின் வோபர்னில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வருவார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் டிவியில் தொடங்கும். சண்டையும் தொடங்கும்.

சண்டை எல்லாம் டிஃபென்ஸ் லைன்காரரைப் பற்றியதுதான். முன்வரிசையில் குனிந்து நின்று, எதிரணியை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பந்து வைத்திருப்பவனை விழுத்துகிறவர்கள். அண்ணாவும் தன் பள்ளி அணியில் அதேதான். மாமாவின் தெய்வம் அவர் படித்த கல்லூரியில் அந்தக் காலத்தில் ஆடிய எழுபத்தேழாம் நம்பர். அண்ணாவுக்கு அப்போது ஆடிக்கொண்டிருந்த தொண்ணூற்றிரண்டு.

"உன்ர ஆளை எங்கட காலத்தில விட்டா அரை மணித்தியாலத்தில மூச்சு வாங்கிக் குந்தியிருப்பான்."

"உங்கட ஆள் முந்நூறு றாத்தல் மனுசனை ஒருநாளாவது கண்டவரோ மாமா?"

ஒரு நம்பர் கேட்டால் ஒன்பது கதை சொல்வான் அண்ணா. கேட்டுக் கேட்டு எனக்கும் எல்லாம் வாய்ப்பாடு மாதிரிப் பாடமாகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை பயிற்சியில் யாரோ அவனுடைய தலையில் பலமாக மோதிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து திரையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தான். இரண்டு முறை வாந்தி எடுத்தான். இன்றைக்கு என்ன கிழமை என்று என்னிடம் மூன்று தரம் கேட்டான்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில நான் விளையாடுறதைப் பாக்க அமெரிக்கக் கல்லூரியில இருந்து ஆள் வருது. அங்க இடம் கிடைச்சா படிப்பே ஃப்ரீ."

சாமிப் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

சனிக்கிழமை மாமா வந்ததும் அண்ணாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தலை இடிக்குதோடா?"

"இல்லை மாமா."

மாமா சோபாவில் போய் உட்கார்ந்தார். வழக்கமான சண்டையை எடுத்தார். ஆனால் அன்றைக்கு அவர் குரலில் சூடு இல்லை.

"சரி, உன்ர ஆளின்ர நம்பர் என்ன?"

அண்ணா டிவியைப் பார்த்தான். வாய் திறந்தது, மூடியது. எனக்குப் பகீரென்றது. மாமாவின் சோபாவுக்குப் பின்னால் நின்றபடி அண்ணாவுக்கு மட்டும் தெரிய ஒன்பது விரலைக் காட்டினேன், பிறகு இரண்டு.

"தொண்ணூற்றிரண்டு."

"என்ர ஆள்?"

ஏழு. திரும்பவும் ஏழு.

"எழுபத்தேழு."

"போன கிழமை ஆட்டத்தில உன்ர ஆள் பந்துக்காரனை எத்தினை தரம் விழுத்தினவன்?"

மூன்று விரல். சட்டென்று மாமா திரும்பினார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

"மூண்டு தரம்" என்றான் அண்ணா.

மாமா பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். "சரி, நீ வெண்டிட்டாய்" என்றார். அந்த மனிதர் அதுவரை ஒருநாளும் தோல்வியை ஒப்புக்கொண்டதில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அண்ணா இன்னொரு முறை மோதுண்டு விழுந்தான். எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அம்மா டாக்டரிடம் முதலில் கேட்டது, எந்தக் கால் என்றுதான்.

உயிர் தப்பினான். அமெரிக்காவும் இல்லை, அதன்பிறகு விளையாட்டும் இல்லை. இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிடுவான். பக்கத்தில் இருந்தால் நான் எடுத்துக் கொடுப்பேன்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் மாமா தானாகவே சொன்னார்.

"அண்டைக்கு அவன்ர கண்ணைப் பாத்தவுடனேயே எனக்குச் சந்தேகம். அதுதான் ஒவ்வொண்டாக் கேட்டனான். ஒண்டைப் பிழையாச் சொல்லியிருந்தாலும் அக்காட்டைச் சொல்லி மறிச்சிருப்பன். எல்லாத்தையும் சரியாச் சொல்லிப்போட்டான்."

நான்தான் விரலில் காட்டிக் கொடுத்தேன் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. எழுபத்தேழா தொண்ணூற்றிரண்டா பெரியவன் என்ற பழைய சண்டைதான் அது என்று அன்றைக்கு நினைத்தேன். மாமாவிடம் அண்ணா தோற்றுவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் விளங்கவில்லை.