ஹாலோவீனுக்கு நான் ஒலிபரப்பிய தாலாட்டு

சுமதியின் குரலை அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்து, பேயின் குரல் என்று வானொலியில் ஒலிபரப்பினேன். அவள் வந்து கேட்டபோது பொய் சொன்னேன். ஏழு ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நானும் சுமதியும் சென் ஜேம்ஸ் ரவுணில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் குடியிருந்தோம். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை அக்கா என்றுதான் அழைப்பாள். ஹாலோவீன் மாலைகளில் என் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, வரும் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்போம். நான் பழைய தமிழ்ப் படங்களின் பேய்ப் பாட்டுகளையும், ஓநாய் ஊளையிடும் ஒரு டிஸ்கோப் பாட்டையும் போடுவேன். சுமதி வெள்ளைப் போர்வைக்குள் நின்று ‘ம்ம்ம்...’ என்று இழுப்பாள். பிள்ளைகள் அலறியடித்து ஓடுவார்கள். உடனே திரும்பியும் வருவார்கள். அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன், ஆவணியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டாம் நாள் இறந்துபோனது.

ஒக்டோபரில் ஒருநாள் அவளுக்குச் சோறும் கறியும் கொண்டுபோனேன். கதவு பூட்டியிருக்கவில்லை. குசினி அடுப்பருகே எனக்கு முதுகைக் காட்டியபடி நின்று, சொற்களே இல்லாமல் எதையோ முனகிக்கொண்டிருந்தாள். என் கை தானாகப் போனை எடுத்தது...

தானாகவா? இல்லை. ஒரு தமிழ் வானொலியில் சனிக்கிழமைதோறும் எனக்கு ஒரு மணிநேர நிகழ்ச்சி இருந்தது. ஹாலோவீன் சிறப்புக்காக விசித்திரமான பாட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பதிவு செய்தேன்.

அதற்கு எதிரொலி சேர்த்து, நிகழ்ச்சியின் கடைசியில் போட்டேன். “இது எங்கட பில்டிங் பேய், பயப்பிடாதேங்கோ” என்று சொல்லிச் சிரித்தேன். நேயர்கள் அழைத்து, அந்தப் பேயை மறுபடியும் போடச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது!

மறுநாள் காலை சுமதி என் வாசலில் நின்றாள்.

“அக்கா, ரேடியோவில போட்டது என்ர குரல்தானே?”

“சீச்சீ, அது இன்ரர்நெட்டில எடுத்தது.”

“அது நான் பிள்ளைக்குப் பாடினது அக்கா. வேற ஒருத்தருக்கும் தெரியாது.”

“நீர் களைச்சுப்போனீர். போய்ப் படும்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “ஓம்” என்றாள். அவ்வளவுதான். அடுத்த மாத முடிவில் கணவனோடு நகரின் மறுகோடியிலுள்ள மல்வேர்னுக்குக் குடிபோனாள். சாமான் ஏற்றும்போதுகூட என் கதவைத் தட்டவில்லை. நானும் திறக்கவில்லை.

அன்றைக்கு ஒரு சொல்... ‘ஓமடி, நான்தான் செய்தனான்’ என்று சொல்லியிருந்தால்? திட்டியிருப்பாள். அழுதிருப்பாள். ஒருவேளை இன்றும் எதிர்வீட்டில் இருந்திருப்பாள்.

இந்த ஹாலோவீனுக்கு என் கதவை மூடியே வைத்திருந்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. சுமதியின் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

“ஹலோ... ஆர்?”

அதே குரல். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது: “அம்மா, who is it?”

“தெரியேல்லையம்மா” என்றாள் சுமதி. இணைப்பு அறுந்தது.

அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. அதன் பெயர் எனக்குத் தெரியாது.