வேலிப் பொட்டும் வெள்ளச்சியும்

எங்கள் மாமியின் பூனையை ஒரு கப்பலுக்குக் கொடுத்துவிட்டு, பழியைப் பக்கத்து வளவு நாயின் மேல் போட்டவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. சின்னப்பிள்ளை செய்த வேலைதானே என்று என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒன்பது வயதில் பொய் எதுவென்று ஒருவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது.

மாமி அப்பாவின் தங்கை. வந்த கல்யாணப் பேச்சுகள் எல்லாம் பேச்சோடு நின்றுபோக, முப்பத்தைந்து வயதில் எங்களோடு இருந்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. உவர்மலை அடிவாரத்து எங்கள் வளவில் நின்று திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தால் கடலைவிடச் சாம்பல் நிற இரும்புதான் அதிகம் தெரியும். யன்னல்களுக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தோம். பெரியவர்கள் பயந்திருக்க வேண்டும். எனக்கு அது திருவிழாக் காலம்.

எங்கள் வீடு சுத்த சைவம். மாமியின் பூனை வெள்ளச்சி அப்படியல்ல. பக்கத்து வளவில் லோஞ்ச் மாமா இருந்தார். கரையிலிருந்து கப்பல்களுக்கு வேலையாட்களை மோட்டார் லோஞ்சில் ஏற்றிப் போய்வருபவர், தனி ஆள். அவருடைய குசினியில் அடுப்பு எரிவதே மீன் பொரிக்கத்தான். சோறு வடிக்கச் சோம்பிப் பேக்கரிப் பாணோடு காரியத்தை முடித்துக்கொள்வார். ஆனால் அவருடைய நாய் வீமன் பாணை முகர்ந்தும் பாராது.

இரண்டு வளவுக்கும் நடுவே தென்னோலைக் கிடுகு வேலி. அதில் ஒரு பொட்டு, ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி, இருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு வெள்ளச்சி அந்தப் பொட்டால் அங்கே போய் மீன்தலை தின்னும். வீமன் அதே பொட்டால் இங்கே வந்து பருப்புச் சோறு தின்னும். வழியில் சந்தித்தால் வீமன் ஒதுங்கி நின்று பூனையை முதலில் போகவிடும். எங்கள் பூனை அங்கே அசைவம், அவருடைய நாய் இங்கே சைவம் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

இரண்டும் தின்னும்வரை மாமி வேலிக்கு இந்தப் பக்கமும் லோஞ்ச் மாமா அந்தப் பக்கமும் நிற்பார்கள்.

"உங்கட ஆள் இண்டைக்குப் பூசணிக்காயை ஒதுக்கிப்போட்டார்" என்பார் மாமி.

"உங்கட ஆள் மட்டும் என்னவாம்? சூடை மீனெண்டாத் திரும்பியும் பாக்கிறா இல்லை. பாரைதான் வேணுமாம்."

"நீங்கள்தான் பழக்கிக் கெடுத்தனீங்கள்."

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆசை கப்பல் மணியை அடிப்பது. கப்பல்களில் அரை மணிக்கொரு தரம் அடிக்கும் மணி எங்கள் வீடுவரை கேட்கும். ஒரு நாள் லோஞ்சுகள் கட்டும் பாலத்தடியில் ஒரு வெள்ளைக்கார மாலுமி பிள்ளைகளைக் கூப்பிட்டு, இரண்டு விரலை வாயில் பல்லாக வைத்து எலி போலக் கொறித்துக் காட்டினான். பிறகு மியாவ் என்றான். சாமான் கப்பல் ஒன்றில் எலி பெருத்துவிட்டதாம், பூனை வேண்டுமாம். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் மணியைப் பற்றிக் கேட்டேன். சரியென்று அவன் தலையாட்டினான். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் வெள்ளச்சியைப் பன்பையில் போட்டுக் கொண்டுபோனேன். அவன் என்னைப் படகில் ஏற்றிப்போனான். கப்பலில் மூன்று தரம் மணியடித்தேன். உண்மையைச் சொல்வதானால், அந்தச் சந்தோசம் இன்றும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டார், "வெள்ளச்சியைக் கண்டனியோ?"

"வீமன் கலைச்சது. கடற்கரைப் பக்கம் ஓடினது. பிறகு காணேல்லை."

மாமி நேரே வேலிக்குப் போய் லோஞ்ச் மாமாவைக் கூப்பிட்டார். நான் பின்னால் நின்றேன். "உங்கட நாயைக் கட்டி வைக்க ஏலாதோ?"

"வீமனோ? அது பூனைக்கு வழி விடுற நாயல்லோ."

"அப்ப பிள்ளை பொய் சொல்லுறானோ?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "அப்பிடி நான் சொல்லேல்லை" என்றார்.

விடிந்ததும் மாமி புதுக் கிடுகு மூன்றை வைத்துப் பொட்டை இறுக்கிக் கட்டினார். ஐந்து மணிக்கு வீமன் அந்தப் பக்கம் வந்து கிடுகில் மூக்கைத் தேய்த்து முனகியது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். மாமி வீமனுக்கும் சேர்த்தே வழக்கம்போலச் சோறு வடித்தார். மிஞ்சியதைக் காகத்துக்கு எறிந்தார். அரிசிக்குத் தட்டுப்பாடான காலத்தில் இது என்ன கூத்து என்று அம்மா முணுமுணுத்தார்.

இரண்டு கிழமை போனது. ஒரு காலை லோஞ்ச் மாமா எங்கள் வாசற் படலையில் நின்று அப்பாவிடம் சொன்னார்: "நாயைத் தம்பலகாமத்துக்குத் தமையன் வீட்டை அனுப்பப்போறன். பின்னேரம் வண்டில் வருது. இஞ்ச ஆருக்கும் கரைச்சல் வேண்டாம்."

நான் அவர் பின்னால் அவருடைய வளவுக்கு ஓடினேன். கட்டிப்போட்டிருந்த வீமன் என்னைக் கண்டதும் வாலை ஆட்டி என் கையை நக்கியது. தனக்கெதிராகச் சாட்சி சொன்னவன் நான்தான் என்று அதற்குத் தெரியாது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் லோஞ்ச் மாமாவிடம் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. "எந்தக் கப்பல்?"

"மணி இருக்கிற கப்பல்."

"எல்லாக் கப்பலிலயும் மணி இருக்கடா மடையா. போ, மாமியிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாமி குடையை எடுத்தார். "எங்க அந்த லோஞ்ச்? நானும் வாறன். என்ர குரலுக்குத்தான் அது வரும்."

பெண் ஒருத்தியை அப்படி ஏற்றிப்போனது சட்டப்படி சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. மாமி லோஞ்சின் நடுவில் விரித்த குடையோடு இருந்தார். நான் புகைபோக்கியில் மஞ்சள் பட்டி போட்ட கப்பலைக் காட்டினேன். அதன் அருகே போனதும் மாமி எழுந்து நின்று, அண்ணாந்து, "வெள்ளச்சி, வா மோனை, வா" என்று கூப்பிட்டார். மேலே மாலுமிகள் வரிசையாக வந்து எட்டிப்பார்த்தார்கள். கொஞ்சம் கழித்து அவர்களின் கால்களுக்கு இடையில் வெள்ளச்சியும் எட்டிப்பார்த்தது. கழுத்தில் நீல நாடா. கொழுத்திருந்தது. மாமியைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

லோஞ்ச் மாமா சாக்கிலிருந்து ஒரு பாரைத் தலையை எடுத்து உயர்த்திக் காட்டினார். வெள்ளச்சி கத்திக்கொண்டு கப்பலின் விளிம்புக்கே வந்துவிட்டது.

"நன்றி கெட்டது" என்றார் மாமி.

"அது என்னைத் தேடி வரேல்லை, மீனைத் தேடித்தான் வந்தது" என்று அவர் சமாதானம் சொன்னார்.

பூனையைப் பிடித்து ஒரு கூடையில் வைத்து மாலுமிகள் கயிற்றில் இறக்கினார்கள். கூடைக்குள் அது கப்பலில் போட்ட மூன்று குட்டிகளும் இருந்தன. பால் மறந்ததும் ஒரு குட்டியைக் கப்பலுக்குத் திருப்பிக் கொடுப்பதாகக் கைச்சாடையில் உடன்பாடு ஆனது. மாமி மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு கரைவரை சிரித்தபடி வந்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்று பின்னேரம் வந்த வண்டில் வீமன் இல்லாமலே திரும்பிப் போனது. மாமி கத்தியோடு போய்ப் பொட்டின் கட்டுகளை அறுத்தார்.

செய்த பிழைக்கு ஈடாக நானே ஒரு தண்டனையை ஏற்றுக்கொண்டேன். இனி இரண்டுக்கும் சாப்பாடு வைப்பது என் வேலை. மாமி வேலியடியில் கால்நோக நிற்கத் தேவையில்லை என்று வீட்டில் அறிவித்தேன். அப்பா பாராட்டினார். ஐந்து மணிக்கு மீன்தலையை வாங்கி வைத்தேன், சோற்றைக் குழைத்து வைத்தேன், ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனாலும் மாமி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வேலியடிக்கு வந்தார். லோஞ்ச் மாமாவும் வந்தார். பூனை தின்று முடித்துக் குட்டிகளிடம் போய்விடும். நாய் படுத்துவிடும். அவர்கள் கதைத்துக்கொண்டே நிற்பார்கள்.

இதைக் கவனிக்காமல் நிற்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். முற்றத்தில் நின்று கூப்பிடுவேன்:

"மாமி, ரெண்டும் சாப்பிட்டு முடிஞ்சு கனநேரம்."

"ஓம் தம்பி, வாறன்" என்பார், திரும்பிப் பாராமலே.