ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த பெட்டி

அறுபதுகளில் விழுப்புரம் வயர்லெஸ் பட்டறையில் நான் மெக்கானிக். அங்கே காபி ஆறாமல் இருக்க எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஸ்டாண்டர்டு என்று நாங்கள் சொன்ன இரும்புப் பெட்டியின் தலையில் டம்ளரை வைத்துவிடுவோம். அதற்குள் நகம் அளவு படிகம் ஒன்று சீராக அதிர்ந்துகொண்டே இருக்கும். சூடு மாறினால் அதிர்வும் மாறிவிடும் என்பதால், அதைச் சுற்றி ஒரு சின்ன மின் அடுப்பு இரவும் பகலும் எரியும். சீசியம் அணுவை வைத்து அதிர்வை அளக்கிறார்களாம் என்று பத்திரிகையில் படித்து வாயைப் பிளந்திருக்கிறோம். எங்களுக்கு அந்தப் படிகம்தான் கதி.

திங்கட்கிழமை காலைகளில் அந்தப் பெட்டியின் சத்தத்தை வானில் அனுப்புவோம். எங்கள் பொறுப்பில் இருந்த ஒரே நிலையம் திண்டிவனம். அங்கிருந்த ஆபரேட்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் செட்டை எங்கள் சத்தத்தோடு ஒத்துப்போகும்படி திருப்புவார். ஒத்துப்போகாவிட்டால் காதில் 'ஊங் ஊங்' என்று ஒரு முனகல் கேட்கும். நெருங்க நெருங்க அது மெதுவாகி அடங்கிவிடும். அடங்கிவிட்டதா இல்லையா என்பதற்கு அவர் காதுதான் சாட்சி.

அந்த வருஷம் எங்களுக்குப் புது இன்சார்ஜ் வந்தார். நல்ல மனிதர், பக்தி கொஞ்சம் தூக்கல். ஆயுத பூஜையன்று ஸ்டாண்டர்டு முன்னால் வந்து நின்றார்.

"ஸ்க்ரூடிரைவருக்குக்கூட இன்னிக்கு ஓய்வு. இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். நாங்கள் பொரியை அள்ளிக்கொண்டோம். மறுநாள் அவரே சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பழக்கதோஷத்தில் டம்ளரோடு போக, "சாமி கும்பிட்ட பெட்டி மேல எச்சில் டம்ளரா?" என்று ஒரு அதட்டல் போட்டார். அதோடு எங்கள் வசதி போயிற்று.

அடுத்த வாரம் முதல் மெட்ராஸ் தலைமை நிலையத்திலிருந்து போனில் புகார். திண்டிவனம் டயலில் சரியான இடத்தில் கிடைப்பதில்லை, தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். புயல் காலம் வேறு. இன்சார்ஜ் ஆபரேட்டரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த மனிதர் அடுத்த திங்கட்கிழமை இன்னும் கவனமாகத் திருப்பினார். புகார் நிற்கவில்லை.

"உமக்குக் காது மந்தமாயிட்டுதுய்யா. வைத்தியம் பாரும். இல்லேன்னா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுவேன்" என்றார் இன்சார்ஜ். சில வாரம் பொறுத்து, ஆபரேட்டரின் காதைச் சோதித்து வரும்படி என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்.

ஆபரேட்டருக்கு நாற்பது வயசிருக்கும். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் வலது காதில் வைத்துக்கொண்டார். அவர் வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் சத்தம் திங்கட்கிழமைதான் வரும். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? டில்லியிலிருந்து தினமும் வரும், அதிர்வு துளியும் பிசகாத நேர சமிக்ஞையைப் பிடித்து, அதோடு செட்டை ஒத்துப்பார்க்கச் சொன்னேன். திருப்பினார். "அடங்கிடுச்சி சார்" என்றார். ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். மயிரிழைகூட முனகல் இல்லை. உடனே அந்தச் செட்டிலேயே மெட்ராசைக் கூப்பிட்டோம்.

"இன்னிக்குத்தான் சரியான இடத்துல வர்றீங்க!" என்றது மெட்ராஸ்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர் காது சரி என்றால் தப்பு எங்கே? வந்த வேகத்தில் ரயிலேறி, பட்டறைக்குள் ஓடி, பெட்டியின் தலையில் கையை வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது.

அடுப்புக்கென்று பெட்டியின் பின்பக்கம் தனி சுவிட்ச் உண்டு. ஓய்வு என்றால் முழு ஓய்வு என்று பூஜையன்று இன்சார்ஜ் அதையும் அணைத்திருக்கிறார். மறுநாள் முன்பக்கத்து சுவிட்சை மட்டும் போட்டிருக்கிறார். சூடில்லாத படிகத்தின் தப்பான சத்தத்தை நாங்கள் அனுப்ப, திண்டிவனத்துக்காரர் துல்லியமாக அந்தத் தப்புக்கே தன் செட்டைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார். டம்ளர் வைத்திருந்தால் முதல் நாளே காபி ஆறிப்போய் எங்களுக்குச் சொல்லியிருக்கும்.

இன்சார்ஜ் தானும் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஒளிக்கிற ஆள் இல்லை. அப்போதே திண்டிவனத்துக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"தப்பு என் பேர்லதான்யா. உம்ம காது நல்லாத்தான் இருந்திருக்கு."

எதிர்ப்பக்கத்திலிருந்து இரைந்து வந்த குரல் எனக்கே கேட்டது.

"இருந்துதுங்கய்யா. நீங்க மந்தம்னு சொன்னதும் பயந்துக்கினு பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊத்திக்கினேன். சூடு ஜாஸ்தியாயிடுச்சி. இடது காது போயிடுச்சி. ஒரு காது போதுங்களாய்யா, இந்த வேலைக்கு?"

இன்சார்ஜ் ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டார். போதும் என்று நான்தான் சொன்னேன்.