பூவாயி அம்மன் கிடைத்த பிறகு

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வது அரை மணி நேர வேலை. அதில் போட வேண்டிய சொந்தக்காரர்களைத் தேடிப் பிடிப்பதுதான் மீதி வேலை. தில்லை நகரில் சின்னதாக ஒரு பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். தாத்தா பெயருக்கு முன்னால் என்ன இனிஷியல் என்று கேட்டால் பாதிப் பேர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்கிறார்கள். பாவமாக இருக்கிறதே என்று ஒருவருக்கு பேஸ்புக்கில் சொந்தக்காரரைத் தேடிக் கொடுக்கப் போக, தொலைந்த சொந்தத்தைக் கண்டுபிடித்துத் தருகிறவள் என்ற பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிக்கும் உங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

பக்கத்து பிளாக்

முதல் கேஸ் ஸ்ரீரங்கத்து மாமா ஒருவர். பேரனின் பூணூல் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர், டெல்லிக்குப் போய்த் தொடர்பே விட்டுப்போன சித்தப்பா பிள்ளையைத் தேடித் தரச் சொன்னார். சின்ன வயதில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களாம். சொல்லும்போதே கண் கலங்கியது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இருக்கும் பேஸ்புக் குரூப்பில் அவர் கொடுத்த பழைய போட்டோவைப் போட்டேன். மாலைக்குள் ஆள் கிடைத்துவிட்டார்.

ரிட்டயராகி ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி, மாமா இருக்கும் அதே அபார்ட்மென்டில் பக்கத்து பிளாக்கில் வாடகைக்கு இருக்கிறார். கார் நிறுத்தும் இடத்துக்காக மாமா தினமும் காலையில் சண்டை போடுகிற மனிதர் அவர்தான். நான் பெருமையாகப் போட்டோவைக் காட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"தேடச் சொன்னது வாஸ்தவம்தான். அதுக்காக இவ்வளவு பக்கத்துலயா கண்டுபிடிப்பேள்?"

மேல் வரி காலி

அந்த மாமாவின் மகன் அனுப்பித்தான் செல்வராஜ் வந்தார். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். கூடவே மனைவி மலர்க்கொடி. மகள் தீபிகாவின் பத்திரிகைக்கு எல்லா விவரமும் இருந்தது, முதல் வரியைத் தவிர. அந்த வரியில்தான் குலதெய்வத்தின் பெயரைப் போட்டு 'துணை' என்று போடுவோம். செல்வராஜின் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு பொன்மலைக்கு ரயில்வே வேலைக்கு வந்தவர். கடைசிவரை ஊர்ப் பெயரைக்கூட வாயில் எடுக்கவில்லை. சாமியும் அவரோடு மறந்துபோயிற்று.

யாராவது கேட்டால் சமயபுரத்தாள் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். இந்த ஊரில் குலதெய்வம் தெரியாத எல்லாருக்கும் அவள்தானே அடைக்கலம். மாப்பிள்ளையின் அம்மா மன்னார்புரத்துக்காரர், அதற்கெல்லாம் மசியவில்லை. ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, பங்காளி என்றால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. உண்மையான சாமி எது என்று தெரிந்த பிறகுதான் பத்திரிகை, இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பையனும் தீபிகாவும் ஒரே ஆபீஸ், விரும்பிச் செய்துகொள்கிற கல்யாணம். மலர்க்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"லேத்துல ஒரு நூல் பிசகினா சரி பண்ணிடுவேன் மேடம். சாமிய எங்க போயித் தேடுறது?"

புடலங்காய்ப் பங்காளிகள்

ஏதாவது வீட்டு வழக்கம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டேன். புடலங்காய் சமைக்க மாட்டோம் என்றார்கள். காரணம் தெரியாது. மலர்க்கொடி கல்யாணமாகி வந்த புதிதில் வாங்கி வந்த புடலங்காயை மாமியார் பையோடு தெருவில் வீசினாராம். இது போதும் என்று, துறையூர்ப் பக்கத்து பேஸ்புக் குரூப்புகள் எல்லாவற்றிலும் போட்டேன். புடலங்காய் சமைக்காத குடும்பத்தார் தொடர்பு கொள்ளவும்.

தொடர்பு கொண்டார்கள். புடலங்காயின் மருத்துவ குணங்களை ஒருவர் விளக்கினார். இன்னொருவர் நாட்டு விதை விற்பனைக்கு இருக்கிறது என்றார். பிடிக்காதவர்கள், வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாரும் பங்காளி ஆகத் தயாராக இருந்தார்கள். பதில் எழுதி எழுதி எனக்குக் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். அதில் ஒருவர் எழுதியது:

"எங்க வீட்லயும் புடலங்காய் சமைக்கிறதில்லைங்க. எம் பொண்டாட்டி எதையுமே சமைக்கிறதில்லை. நானும் பங்காளிதானா?"

கட்டில் கேள்வி

ஒருநாள் மெசஞ்சரில் ஒரு செய்தி. முகத்துக்குப் பதில் டிராக்டர் படம். வணக்கம்கூட இல்லாமல், 'உங்க வீட்ல கட்டில்ல படுப்பீங்களா?' என்ற கேள்வி மட்டும். ஒரு பெண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது என்று கோபத்தில் அந்த ஆளை பிளாக் செய்தேன். மறுநாள் அதே ஆள் அக்காவின் ஐடியிலிருந்து வந்தார். பெயர் தங்கராசு என்றும், புடலங்காயைப் போலவே கட்டிலும் அவர்கள் வகையறாவுக்கு ஆகாது என்றும், அதற்காகக் கேட்டதாகவும் பணிவாக எழுதியிருந்தார்.

மலர்க்கொடிக்குப் போன் போட்டுக் கேட்டேன். மாமனார் வாழ்நாள் முழுக்கத் தரையில்தான் படுத்தாராம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூடக் கட்டிலைவிட்டு இறங்கித் தரையில் படுத்து நர்ஸிடம் திட்டு வாங்கினாராம். விசாரித்தால், தங்கராசுவின் கொள்ளுத்தாத்தாவும் செல்வராஜின் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். குலதெய்வம் பூவாயி அம்மன். பீடம் இல்லாமல் வெறும் தரையில் இருக்கிறவள், அதனால் அவள் பிள்ளைகளுக்கும் கட்டில் கிடையாது. மாப்பிள்ளை வீட்டுச் சாமி வேறு. சந்தோஷத்தில் நானே அழுதுவிட்டேன். தங்கராசுதான் கொஞ்சம் முறைப்பாக இருந்தார்.

"பங்காளியத் தேடுறவங்க மொதல்ல பிளாக் பண்றத நிறுத்துங்கக்கா."

வெளியேறினார்

தங்கராசு எங்களை 'பூவாயி பங்காளிகள்' என்ற வாட்ஸப் குரூப்பில் சேர்த்தார். நான் பங்காளி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இரண்டு நாள் பூப்போட்ட காலை வணக்கங்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிப் படம் ஒன்று வந்தது. தங்கராசுவின் தாத்தா, செல்வராஜுக்குப் பெரியப்பா முறை. நெஞ்சுவலி, எல்லாரும் வேண்டிக்கொள்ளவும் என்று கீழே போட்டிருந்தது.

பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தீட்டு. தீட்டு என்றால் கல்யாணம் நிற்கும். முகூர்த்தம் நெருங்கிவிட்டது, மண்டபத்துக்கு வேறு தேதி கிடையாது. மலர்க்கொடி என்னைக் கூப்பிட்டு, காதில் விழாத சாவுக்குத் தீட்டு இல்லைதானே என்றார். கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்காத மாதிரி ஆக்க முடியுமா என்றும் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் பயத்தில் குரூப்பைவிட்டு விலகிவிட்டார். 'மலர்க்கொடி வெளியேறினார்' என்று எல்லார் போனிலும் விழுந்தது.

முதல் பத்திரிகையைப் பூவாயி அம்மன் முன்னால் வைக்க வேண்டும். கோயில் கதவைத் திறக்க வேண்டியவர்கள் இதே பங்காளிகள். எனக்கு மலர்க்கொடியை நினைத்தும் வருத்தமாக இருந்தது, ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெரியவரை நினைத்தும் வருத்தமாக இருந்தது. தங்கராசு போனில் சத்தமே போடவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

"சாமி மட்டும் வேணும், நாங்க வேணாமாக்கா?"

பெரியவரின் குரல்

இரண்டு நாள் கழித்து தங்கராசு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். தாத்தாவிடம் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்களாம். அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், போனை வாங்கிப் பேசியிருக்கிறார். மலர்க்கொடியைக் கடைக்கு வரச்சொல்லிப் போட்டுக் காட்டினேன். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், நடுவில் இருமல். மூன்றாம் முறை கேட்கும்போது மலர்க்கொடி என் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"யம்மா, எங்க சித்தப்பன் கோவிச்சுட்டுப் போனாரு, வரவேயில்ல. நீயும் போயிடாத. பத்திரிகைய எங்கிட்ட கொண்டா, அம்மனுக்கு நான் வைக்கிறேன். உம் மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது."

முகூர்த்தம்

பங்காளிகள் வேன் பிடித்து வந்தார்கள். பெரியவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார் தங்கராசு. மணமேடையில் நின்ற மலர்க்கொடி மகளைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். அவர் கண்ணை மூடினால் இவர் முகம் வெளுத்தது. இருமினால் செல்வராஜைத் தண்ணீரோடு அனுப்பினார். போட்டோக்காரர் இந்தப் பக்கம் பாருங்கம்மா என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் பெண் மாப்பிள்ளை மேல் அட்சதை போட்டார்கள். கையில் அட்சதையோடு மலர்க்கொடி முன்வரிசைப் பக்கம்தான் திரும்பினார். பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலர்க்கொடி மேடையைவிட்டு இறங்கி வந்து அவர் காலில் விழுந்தார். நான் பின்னால்தான் நின்றிருந்தேன், பெரியவர் சொன்னது நன்றாகக் கேட்டது.

"பாத்தியாம்மா, இருக்கேன்ல. போயி மகளுக்கு அட்சதையப் போடு."

தொலைந்த சொந்தத்தை பேஸ்புக்கில் தேடுவது ஒரு பெரிய வேலையே இல்லை, கிடைத்த சொந்தம் நல்லபடியாக இருக்க வேண்டுமே என்று அதன் பிறகு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிறோமே, வேலை அதுதான்.