மூன்று பேருக்கு எழுதிய டிராகன்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சட்டையில் தொங்கும் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டயாலிசிஸ் வார்டில் அவன் டெக்னீஷியன்; எந்த மெஷின் கத்தினாலும் முதலில் ஓடிப்போய் நிற்பவன் அவன்தான் என்பதால் அலாரம் என்று பெயர் வைத்தேன். ஒரே வாரத்தில் நர்ஸுகளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரிய டாக்டர்கூட ஒரு தடவை வாய் தவறி, "அந்த அலாரத்தைக் கூப்பிடு" என்றார். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம். எனக்கு அப்படிப்பட்ட ஆட்களைக் கண்டாலே எரிச்சல் வரும். நான் பஸ் ஓட்டிக் காலம் தள்ளியவன்; கத்தாமல் ஒரு தெருவைக்கூடத் தாண்டியதில்லை.

எங்கள் நாலு நாற்காலியும் வார்டின் கடைசிச் சுவரோரம், ஸ்டோர் ரூம் கதவுக்குப் பக்கத்தில் இருந்தன. ஒன்றுவிட்டு ஒரு நாள், காலை ஷிப்ட். ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகும், இன்னொன்றில் சுத்தமாகித் திரும்பி வரும். நாலு மணி நேரம் அசையக் கூடாது. என் பக்கத்தில் கணக்கு டீச்சர். அவருக்கு அடுத்து தையல்கார அக்கா. ஓரத்தில் பூட்டுக்காரர். சுவரில் ஒரு டி.வி. இருந்தது. அதன் ரிமோட்டுக்காக நாங்கள் போட்ட சண்டையில் எத்தனையோ தடவை பிரஷர் ஏறி மெஷின் கத்தியிருக்கிறது.

அந்த டி.வி. ஒரு நாள் மண்டையைப் போட்டது. அலாரம் தன் பையிலிருந்து ஓர் அட்டை மறைப்பையும் கலர் கலரான பகடைகளையும் எடுத்து வந்தான்.

"ஒரு கதை விளையாட்டு இருக்கு. ஆளுக்கு ஒரு வேஷம். நான் கதையைச் சொல்லுவேன், நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு சொல்லணும். சண்டை வந்தா பகடை உருட்டணும்."

"பூதம் பிசாசு விளையாட்டா? எங்க வயசு என்ன தம்பி?" என்றேன்.

டீச்சர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "எனக்குத் திருடி வேஷம் குடுங்க" என்றார். காப்பி அடிக்கிற பிள்ளைகளைப் பிடிப்பதிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். தையல்கார அக்கா கோடாலி தூக்கிய வீராங்கனை ஆனார். பூட்டுக்காரர் காயத்தை ஆற்றும் வைத்தியர். வேறு வழியில்லாமல் நான் மந்திரவாதி. ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும். மற்றக் கையால் பகடையை உருட்ட, வாந்தி எடுக்கக் கொடுக்கும் கிட்னி ட்ரேயை ஆளுக்கொன்று தந்தான். பூட்டுக்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம நாலு பேருக்கும் சேர்த்து வேலை செய்யற கிட்னி இது ஒண்ணுதான்" என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் தையல்கார அக்காவின் மெஷின் கத்திவிட்டது.

அலாரம் கதை சொல்வதில் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன். அவன் கதையில் ராஜாவும் திருடனும் ஒரே குரலில் பேசுவார்கள். ஆனால் சண்டையை அளந்து வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. மறைப்புக்குப் பின்னால் இருக்கும் பூதத்துக்கு இத்தனை உயிர்ப்புள்ளி என்று எழுதி வைத்திருப்பான். எங்கள் ஒவ்வோர் அடிக்கும் அது குறையும். பூஜ்யமானால் பூதம் காலி. எங்களுக்கும் அதே கணக்குதான். எங்களில் ஒரே ஒருவர் தள்ளாடிக்கொண்டு நிற்கும் நேரம் பார்த்துப் பூதம் விழும்.

"எப்படித் தம்பி ஒவ்வொரு வாட்டியும் நூலிழையில தப்பிக்கிறோம்?" என்று கேட்டேன்.

"ரொம்பச் சுலபமா இருந்தா கொட்டாவி விடுவீங்க, டிரைவரண்ணே. ரொம்பக் கஷ்டமா இருந்தா செத்துடுவீங்க. நடுவுல கொஞ்சூண்டு இடம் இருக்கு. அதுல உங்களை நிக்க வைக்கணும்."

மெஷினில் அவன் பார்த்ததும் அதே வேலைதான். உடம்பில் தேங்கிய தண்ணீரில் அன்றைக்கு எவ்வளவு எடுப்பது என்று பார்த்துப் பார்த்து வைப்பான். கூடுதலாக எடுத்தால் பிரஷர் விழுந்து கால் இழுத்துக்கொள்ளும். குறைத்து எடுத்தால் வீட்டுக்குப் போனதும் மூச்சு முட்டும்.

டீச்சர் சும்மா இருப்பாரா? அவனைக் குடைந்து குடைந்து சூத்திரத்தை வாங்கிவிட்டார். பெரிய பூதம் என்றால் ஆளுக்கு நாற்பது புள்ளி. நாலு பேருக்கு நூற்றறுபது. அதற்குப் பிறகு நாங்கள் போடும் அடிகளை எல்லாம் மனசிலேயே கூட்டிக்கொண்டு வந்து, "இதோ விழப் போகுது பாருங்க" என்று முன்கூட்டியே சொல்லி அவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

அவன் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தான். மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க ஒரு நாள் அந்த அக்காவே வார்டுக்கு வந்தாள். "கல்யாணப் பேச்சை எடுத்தா இவனுக்குக் காது கேக்காது. பூதத்துக்கு எத்தனை கொம்பு வைக்கலாம்னு என் பசங்களைக் கூப்பிட்டுக் கேக்கறான். ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதற என் இஸ்திரி மேசையையாவது விட்டுக் குடுக்கச் சொல்லுங்க" என்று எங்களிடம் முறையிட்டாள். பள்ளிக்கூட நண்பர்களோடு ஆரம்பித்த விளையாட்டாம். அவர்கள் ஒவ்வொருவராக வேலை, குடும்பம் என்று போய்விட, பகடைப் பெட்டி மட்டும் இவனிடம் தங்கிவிட்டது. எழுந்து ஓட முடியாத ஆட்களாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாய் என்று நான் கிண்டல் செய்வேன்.

ஒரு நாள் பூட்டுக்காரர் வரவில்லை. வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வார்டில் யாரும் கேட்பதில்லை. அவர் இருந்தால் நிறுத்த விட்டிருக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டு அன்றைக்கும் விளையாடினோம். குகைக்குள் ஒரு சிலந்தி. நாலு பேருக்கென்று எழுதியது. காயம் ஆற்ற வைத்தியரும் இல்லை. கோடாலிக்காரி செத்தாள், என் மந்திரவாதி செத்தான், திருடி மட்டும் தப்பி ஓடினாள். தையல்கார அக்கா ஒற்றைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். பூட்டுக்காரருக்காக அழ எங்களுக்குத் தெரியவில்லை, கோடாலிக்காரிக்காக அழுதோம்.

"என் தப்பு. ஆளைக் குறைச்சு எழுதியிருக்கணும்" என்றான் அலாரம். அதே வார்த்தையை அன்று மெஷினைக் கழற்றும்போதும் சொன்னான்.

கோடாலிக்காரிக்கு ஒரு தங்கை முளைத்தாள். என் மந்திரவாதிக்கு ஒரு சித்தப்பா. பூட்டுக்காரரின் நாற்காலிக்கு ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு போட்டோக்காரர் வந்தார். அவரையே வைத்தியராக்கினோம். மறுபடி நாலு பேரானோம்.

இதற்கிடையில் டீச்சரின் உடம்பு மோசமாகிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் நரம்பு கெட்டுவிட்டது. தொடையில் போட்ட குழாய் அடைத்துக்கொண்டது. கடைசியாகக் கழுத்தில் ஒன்று. அதுவும் அடைத்தால் இனிக் குழாய் போட உடம்பில் இடமில்லை என்று டாக்டர் டீச்சரின் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அலாரம் பக்கத்தில் நின்றிருந்தான். அந்த மனுஷர் இரண்டு பேரையும் பார்த்துக் கைகூப்பினாராம். "அவகிட்ட சொல்லிடாதீங்க. எத்தனை நாள்னு கணக்கு போட்டே செத்துடுவா." இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது அவர்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு தடவையும் டீச்சரின் மெஷினில் ரத்தம் மெதுவாகிக்கொண்டே வருவதை அலாரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதையில் நாங்கள் டிராகன் இருக்கும் மலையை நெருங்கிவிட்டிருந்தோம். இஸ்திரி மேசையில் உட்கார்ந்து அவன் டிராகனை எழுதினான். எத்தனை பேருக்கு? சிலந்தி அவன் கண் முன்னாலேயே நின்றிருக்கும். மலை ஏறி முடிப்பதற்குள் டீச்சர் இருக்க மாட்டார் என்று நினைத்து நூற்றிருபது என்று எழுதினான். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கப் போகிற எங்களைக் காப்பாற்றத்தான் பார்த்தான்.

டிராகனின் குகைக்குள் நுழைந்த அன்று டீச்சர் வந்திருந்தார். நன்றாகவே இருந்தார். தாளில் எழுதியதைத் திருத்தாமல் ஒரு நாற்பதை மனசுக்குள் கூட்டிக்கொள்ளலாம் என்று அலாரம் நினைத்தானாம். சண்டை பாதியில் இருக்கும்போது முன் வரிசையில் ஒரு மெஷின் கத்தியது. பெரியவர் ஒருவருக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நர்ஸைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்து, "சிஸ்டர், அடியைக் கழிச்சுக்கிட்டே வாங்க, இதோ வந்துடறேன்" என்று ஓடினான். கோடாலிக்காரியின் தங்கை ஓங்கி ஒரு போடு போட்டாள். நர்ஸ் கழித்துப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள்.

"ஐயோ, டிராகன் செத்துடுச்சு!"

போட்டோக்காரர் விசிலடித்தார். நானும் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். டீச்சர் மட்டும் மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தார்.

"நூத்தி இருபதுல விழுந்துடுச்சு" என்றார்.

"விழுந்துடுச்சு இல்ல, விடுங்க டீச்சர்."

"இது மூணு பேருக்குப் போட்ட கணக்கு."

சூத்திரம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாருக்கு எவ்வளவு நாள் என்பது அலாரத்துக்குத் தெரியும் என்பதும் தெரியும். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது நான்தான் என்று எனக்குத் தோன்றியது. போன தடவை டாக்டர் என் நாற்காலிப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக நின்றார். அன்று காலை என் வீட்டுக்காரி என்னைத் திட்டாமல் அனுப்பிவைத்ததும் நினைவுக்கு வந்தது.

அலாரம் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தான். நர்ஸின் முகத்தையும் எங்கள் முகங்களையும் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நாங்க நாலு பேர் இருக்கோம்" என்றார் டீச்சர். "யாரைக் கழிச்சீங்க?"

"கூட்டல் தப்பாயிடுச்சு டீச்சர்."

"உங்களுக்குக் கூட்டல் தப்பாது. நான்தான் பாத்துக்கிட்டே இருக்கேனே."

அவன் என்னைப் பார்த்தான். தையல்கார அக்காவைப் பார்த்தான். போட்டோக்காரரைப் பார்த்தான். டீச்சரை மட்டும் பார்க்க அவனால் முடியவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்த அந்த நிமிஷம் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷம் என்றே சொல்லவேண்டும். இப்படி ஒரு சந்தோஷம் வந்து தொலைத்ததே என்று இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

"சரி" என்றார் டீச்சர். கொஞ்ச நேரம் ட்ரேயில் கிடந்த பகடையைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு, "விழுந்தது குட்டின்னு வச்சுக்குவோம். இத்தனை பெரிய மலையில குட்டி தனியாவா இருக்கும்? அம்மாக்காரி வருவா. அவளை நாலு பேருக்கு எழுதுங்க" என்றார்.

"எழுதறேன் டீச்சர்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க. அவர் தாங்க மாட்டார்."

வழக்கம்போல வாசலில் குடையோடு காத்திருந்தார் அந்த மனுஷர். "டிராகன் செத்துடுச்சுங்க" என்று டீச்சர் சொன்னதும், "அப்பாடா, இனிமே நிம்மதியாத் தூங்கலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அம்மா டிராகன் வரவில்லை. அடுத்த தடவை கேட்டோம்; இன்னும் எழுதி முடிக்கவில்லை என்றான். அதற்கடுத்த தடவையும் அதே பதில். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்டோர் ரூம் பக்கம் அவன் வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"என்னடா இழுத்தடிக்கிறே? அவங்களுக்கு நேரம் இருக்கா?"

"பகடை எப்படி விழுந்தாலும் திருடி பொழைக்கணும் அண்ணே. அது டீச்சருக்குத் தெரியவும் கூடாது. கூட்டிக் கூட்டிப் பாத்துடுவாங்களே. எப்படிப் போட்டாலும் வர மாட்டேங்குது."

சொல்லும்போதே அழுதுவிட்டான். அப்படி ஒரு கணக்கு கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீச்சரே ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். "அளவா இருக்க வேண்டாம் தம்பி. சீக்கிரமா இருந்தாப் போதும்." அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி இஸ்திரி மேசைக்கே போனான்.

கடைசியில் அம்மா டிராகனைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அவன் வந்த அன்று, டீச்சரின் நாற்காலியில் யாரும் இல்லை. மெஷினுக்கு உறை போட்டிருந்தார்கள்.

சில நாள் கழித்து டீச்சரின் வீட்டுக்காரர் வந்தார். வீட்டில் உருட்டிப் பழகுவதற்காக டீச்சர் எடுத்துப்போன பகடை ஒன்று அவர் கையில் இருந்தது. "இது உங்களுதாமே. குடுத்துடச் சொன்னா" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "அம்மாக்காரியை நாலு பேருக்குத்தானே எழுதியிருக்கீங்கன்னு கேட்டுக்கச் சொன்னா. எனக்கு ஒண்ணும் விளங்கலை. நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

"ஆமாங்க, நாலு பேருக்குத்தான்" என்றான் அலாரம்.

அன்றைக்கே விளையாடினோம். பழக்கதோஷத்தில் அவன் பேனாவை எடுத்தபோது தையல்கார அக்கா அதட்டினார். "கை வச்சீங்கன்னா பாருங்க. நூத்தறுபதே இருக்கட்டும்." அவன் பேனாவை வைத்தான். மறைப்பையும் மடித்துக் கீழே வைத்துவிட்டு, எங்கள் கண் முன்னாலேயே டீச்சரின் ட்ரேயில் பகடையை உருட்டினான். கோடாலிக்காரியின் தங்கை முதலில் போனாள். பிறகு வைத்தியர். என் மந்திரவாதியின் சித்தப்பா கருகிப்போனான். டிராகனுக்கு இன்னும் முப்பத்தெட்டு புள்ளி மிச்சம் இருந்தது. இப்படித் தோற்றால் மனசு கொஞ்சம் ஆறும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தோற்றோம், அவ்வளவுதான்.

பகடைப் பெட்டியை அவன் அக்கா பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டான். அவர்கள் அதைத் தொலைத்துவிட்டார்களாம். கிட்னி ட்ரேக்கள் பஞ்சுக்கும் வாந்திக்கும் திரும்பிப் போயின. டி.வி.யைச் சரி செய்துவிட்டார்கள். டீச்சரின் நாற்காலிக்கு வந்த புது ஆள் முதல் நாளே ரிமோட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

அலாரம் இப்போதும் ஓடுகிறான். கூப்பிட்டால் வருகிறான், கேட்டால் பதில் சொல்கிறான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவனைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, போன வாரம் என் மெஷினில் தண்ணீர் அளவை வைத்துக்கொண்டிருந்தபோது வாயைக் கிளறினேன்.

"ஏன் தம்பி, இன்னைக்கு ஒரு டிராகன் எழுதினா, எத்தனை பேருக்கு எழுதுவே?"

அவன் தையல்கார அக்காவைப் பார்த்தான். போட்டோக்காரரைப் பார்த்தான். புது ஆளையும் பார்த்தான். பிறகு குனிந்து, அப்போதுதான் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்த என் கைக் குழாயை மறுபடி சரிபார்க்க ஆரம்பித்தான்.

"கையை ஆட்டாதீங்கண்ணே" என்றான்.

நான் கையை ஆட்டவே இல்லை.