தர்சி வைச்ச சிவப்பு

சர்ர்ர்... எண்டு நீட்டுப் பட்டுச் சட்டைக்கை காத்தை இழுக்கிற சத்தம். அதுக்குப் பிறகுதான் வாள்.

ஞாயிறு பின்னேரம் டார்னெய்ட் எண்ட ஊரில எங்கட வீட்டில கேக்கிறது அதுதான். வெயில் ஸ்கிரீன்ல விழும் எண்டு தர்சி யன்னல் பிளைன்ட்ஸ் எல்லாத்தையும் மூடிப்போடுவா. என்ர மனுசி... சோபா இருக்க, கார்பெட்டில இருந்து, மடியில மிக்சர் கோப்பையோட, சீன வாள்சண்டைப் படம்.
மூங்கில் காட்டின்ர பச்சை அவவின்ர முகத்தில ஆடும்.

நான் மீட்டர் கலிப்ரேட் பண்ணுற ஆள், சரியான அளவோட ஒப்பிட்டுத் திருத்திற வேலை. ஒருத்தன் கூரைக்கு மேலால பறந்தா என்ர கண் அவனைக் கட்டித் தூக்கிற கம்பியைத்தான் தேடும்.

"அந்தா கம்பி!"

"இஞ்சருங்கோ, கம்பி பாக்கிறதெண்டா வேலைக்குப் போய்ப் பாருங்கோ. அவையள் அடிபடேல்லை... கதைக்கினம்."

"வாளாலயோ?"

"ஓம். நீங்கள் வாயாலயும் கதைக்கிறேல்லை."

பிறகுதான் எனக்கும் பிடிபட்டுது. மழைக்க ரெண்டு பேர் அசையாம நிப்பினம். கமெரா வாள் நுனியில தொங்குற துளியைப் பாக்கும். வெட்ட வந்தவன் கடைசி நிமிசத்தில வாளைத் திருப்பி, தட்டைப் பக்கத்தால தட்டுவான். அவ்வளவுதான். "இன்னும் மறக்கேல்லை" எண்டதுக்கு வசனமே தேவையில்லை.

அந்தச் சிவப்பு உடுப்பு சரியான சிவப்பா வரவேணும் எண்டு ரிமோட்டோட மல்லுக்கட்டி, ரீவி செற்றிங் எல்லாம் அவவே வைச்சவ. படத்தை வழுக்கி ஓட விடுற ஸ்மூத் மோஷனையும் நிப்பாட்டினவ. நான் செய்து தாறன் எண்டதுக்கு, "உங்கட மெஷின் கண் வேண்டாம்" எண்டா.

அவ போய்ச் சேந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சு... வெரிபீல இருக்கிற அவவின்ர தம்பி இடியப்பத்தோட வந்தான். நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ள...

"அத்தான், இவ்வளவு நல்ல ரீவியை ஏன் இருட்டா வைச்சிருக்கிறியள்? எல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டன். இப்ப பாருங்கோ, பளிச்செண்டு!"

ஆரடா உன்னைக் கேட்டது?

வாய்க்குள்ளயே நிண்டிட்டுது. அக்காவைப் பறிகுடுத்திட்டு நிக்கிறவனை என்னெண்டு ஏசுறது?

ஆனா கோவம் போகேல்லை. வாற எல்லாருக்கும் ஏன் இந்த அவசரம்? ஒரு அன்ரி அவவின்ர அலுமாரியை ஒதுக்கித் தரட்டோ எண்டுறா. இன்னொரு அன்ரி குசினியில போத்தலுகளை மாத்தி அடுக்கிறா. வீடு பளிச்செண்டு இருந்தா எனக்குச் சுகமாகிடுமோ? அந்த ரீவி பழுதாகி இருட்டா இருக்கேல்லையடா... அது அவ பாத்துப் பாத்து வைச்ச இருட்டு.

போன ஞாயிறு பிளைன்ட்ஸை மூடிப்போட்டு, அதே படத்தைப் போட்டன். அவ வைச்ச மாதிரி வரட்டும் எண்டு செற்றிங்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தன். என்ர தொழிலே இதுதான்... ஆனா எதோட ஒப்பிட்டுச் சரி பாக்கிறது? சிவப்பு தக்காளி சோஸ் மாதிரி நிக்குது. பறக்கிறவன் நியூஸ் வாசிக்கிற ஸ்டூடியோவில தொங்கிற மாதிரி இருக்கிறான்.

அப்ப தேடித் தேடிப் பாத்த கம்பி, இப்ப தேடாமலே தெரியுது.

"அந்தா கம்பி" எண்டு வாய்விட்டே சொன்னன்.

ஆரும் ஏசேல்லை.